வாடகையே இல்லாத வீட்டுக்கு என்ன செலவு?

எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் சதவீதம் முடிந்து வட்டிக்குப் போகும் இடத்தில், புத்தகக் கணக்குகளை ஒருநாள் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுச் செலவை எடுத்துக்கொள்வது என் வழக்கம். மாதம் 18,000 ரூபாய் வருமானம் உள்ள ஒரு கற்பனைக் குடும்பம். அரிசி, மளிகைக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று காணச் சொல்வேன். சொந்த வீட்டுக் கணக்கைக் கேட்பதில்லை. அது சில பிள்ளைகளைக் கூச வைக்கும்.

இந்த ஆண்டு வாடகை 6,000 ரூபாய், அதாவது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியபோது, இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், எங்க வீடு போக்கியம். மாசாமாசம் வாடகையே கெடையாது. அப்ப எங்களுக்கு வீட்டுச் செலவு சைபரா?"

வகுப்பில் பாதிப் பேர் "ஆமா" என்றார்கள். இன்னொரு பையன் எழுந்து, அவன் அப்பா கார் ஓட்டுகிற கொரியாக்காரர் வீட்டிலும் அவர்கள் ஊரில் போக்கியம்தானாம் என்றான். வகுப்பு சிரித்தது. நானும் அதை நம்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "ரெண்டு பேருக்கும் நாளைக்குப் பதில் சொல்றேன்" என்று மணியடிக்கும்வரை ஒப்பேற்றினேன்.

அந்தப் பையன் சொன்னது சரி என்று அன்று இரவே தெரிந்தது. மாணவியின் கேள்விக்குத்தான் நான்கு பாடவேளைகள் ஆயின. ஆனால் அந்த நான்கு நாளில் வகுப்பு கற்றுக்கொண்ட அளவுக்கு வேறு எந்த வாரத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் வாடகை வீட்டிலோ போக்கிய வீட்டிலோ இருப்பவர்கள் என்பதால், அதை இங்கே எழுதுகிறேன்.

போக்கியம் என்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். சில ஊர்களில் ஒத்தி என்பார்கள், சென்னைப் பக்கம் லீஸ் என்பார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறோம். மாத வாடகை கிடையாது. இரண்டு அல்லது மூன்று ஆண்டு முடிந்து காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வர வேண்டும். வீட்டுக்காரருக்கு அது வட்டியில்லாக் கடன். மேல்மாடி கட்டவோ மகள் திருமணத்துக்கோ ஆகும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமே, சொத்தை அனுபவிக்கும் உரிமையோடு கூடிய அடமானத்தைத் தனி வகையாகச் சொல்கிறது. எனவே இது புதிய ஏற்பாடு அல்ல.

தென் கொரியாவில் இதன் பெயர் ஜொன்சே. மாத வாடகைக்கு வொல்சே என்று வேறு பெயர். ஜொன்சேயில் வீட்டின் விலையில் பாதி முதல் எண்பது சதவீதம் வரைகூட வைப்புத் தொகையாகக் கொடுத்துவிட்டு, பொதுவாக இரண்டு ஆண்டு குடியிருக்கிறார்கள். அங்கே அது ஏதோ ஒரு நகரத்துப் பழக்கம் அல்ல, நாடு முழுவதும் நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்த முறை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்து 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்துப் பலகைகளைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பலகைக்குப் பின்னால் நம் பிள்ளையார்பாளையத்து ஏற்பாடே இருக்கிறது என்று எனக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பையன் சொல்லித்தான் தெரிந்தது.

இனி மாணவியின் கேள்வி. கரும்பலகையில் ஒரே வீட்டை இரண்டு விதமாக எழுதினோம். வாடகைக்குப் போனால் மாதம் 6,000. போக்கியத்துக்குப் போனால் 5,00,000. (இரண்டும் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்ட தொகைகள். ஊர் நிலவரம் தெருவுக்குத் தெரு மாறும்.)

முதல் குடும்பத்திடம் ஐந்து லட்சம் சேமிப்பாக இருந்தது. அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 35,000 வந்திருக்கும். வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டதால் அது வரவில்லை. அந்த 35,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,917. ஆக இந்தக் குடும்பத்துக்குச் செலவு சைபர் இல்லை, மாதம் சுமார் 2,917 ரூபாய். வாடகையில் பாதிகூட இல்லை என்பதால் லாபம்தான்.

இரண்டாவது குடும்பத்திடம் சேமிப்பு இல்லை. ஐந்து லட்சத்தையும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கிக் கொடுத்தது. மாதம் 10,000 ரூபாய் வட்டி. வீட்டுக்காரருக்கு வாடகை இல்லை, ஆனால் வட்டிக்காரருக்குப் போகிறது. 6,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு 10,000 கொடுக்கிறார்கள்.

ஒரே வீடு, ஒரே ஒப்பந்தம். காசு உள்ளவருக்கு 2,917, இல்லாதவருக்கு 10,000. இதைக் கரும்பலகையில் அருகருகே எழுதியபோது வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருவன், "அப்ப எந்த வட்டியில ரெண்டும் சமமா வரும்?" என்று கேட்டான். நான் கேட்க வைத்திருந்த கேள்வி அது. ஆண்டு வாடகை 72,000. அதை ஐந்து லட்சத்தால் வகுத்தால் 14.4 சதவீதம், நம் வழக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் இருபது காசு. அதற்குக் குறைவான வட்டியில் பணம் கிடைத்தால் போக்கியம் மலிவு, அதிகமானால் வாடகையே மலிவு.

கொரியாவில் இந்த 14.4 போன்ற எண்ணுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. குடித்தனக்காரர் இருக்கும்போதே ஜொன்சேயை மாத வாடகையாக மாற்ற வேண்டுமென்றால், மாற்று விகிதம் மைய வங்கியின் அடிப்படை வட்டியைவிட 2 சதவீதப் புள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று 2020-இல் வரம்பை இறக்கினார்கள். அதற்கு முன் அது 3.5-ஆக இருந்தது. எங்கள் வகுப்பில் கண்டுபிடித்ததை ஒரு நாட்டின் அரசு சட்டமாக வைத்திருக்கிறது என்று சொன்னபோது அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கோயில் ஊரும் தீவும்

கொரியாவைப் பற்றித் தேடப்போய் நான் நின்றுவிட்ட இடம் ஜேஜு தீவு. தென் கொரியாவின் தெற்கே, எரிமலையால் உருவான தீவு. நடுவில் 1,950 மீட்டர் உயர ஹல்லாசான் மலை. அதன் எரிமலைப் பகுதிகளும் எரிமலைக் குழம்புக் குகைகளும் 2007-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மக்கள்தொகை ஏழு லட்சத்துக்குள்தான். ஆனால் 2013 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகள் ஒரு கோடிக்கு மேல். 2016-இல் ஒன்றரைக் கோடியைத் தாண்டினார்கள்.

அங்கே வாடகைக்கு ஒரு தனி வழக்கம் இருக்கிறது. மாத வாடகையும் அல்லாமல் ஜொன்சேயும் அல்லாமல், ஓர் ஆண்டு வாடகையை ஒரே தவணையில் முன்கூட்டியே கொடுத்துவிடுவது. வீடு மாறுவதற்கும் ஒரு காலம் உண்டு. ஜனவரி கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி பிறக்கும்வரை சுமார் ஒரு வாரம். அதற்குச் சிங்குகான் என்று பெயர். தீவிலுள்ள பதினெட்டாயிரம் தெய்வங்களும் அந்த வாரம் வானுலகுக்குக் கணக்கு ஒப்படைக்கப் போய்விடுவார்கள், புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் இன்னும் இறங்கியிருக்க மாட்டார்கள், அப்போது வீடு மாற்றினாலும் இடித்துக் கட்டினாலும் தோஷமில்லை என்பது நம்பிக்கை. நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டோம். தை பிறந்ததும் குட்டியானைகள் சாமான் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஓடும். நாம் ஆகாத மாதத்தை ஒதுக்கி வைக்கிறோம், அவர்கள் ஆகும் வாரத்தை எடுத்து வைக்கிறார்கள். வீடு மாறுவது எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வந்தால் வண்டி வாடகை என்ன ஆகும் என்று கேட்டேன். தேவை, அளிப்பு என்ற சொற்களைச் சொல்லாமலேயே பிள்ளைகள் அதை விளக்கினார்கள்.

ஆண்டு வாடகையும் நல்ல வட்டிக் கணக்கு. மாதம் 6,000 வீட்டுக்கு ஓர் ஆண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்தால் ஒரு மாதம் தள்ளுபடி என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். 72,000-க்குப் பதில் 66,000. முதல் மாதத்து 6,000 எப்படியும் இன்றே கொடுக்க வேண்டியது. எனவே கூடுதலாக இன்று கொடுப்பது 60,000. அதனால் ஒன்று முதல் பதினொரு மாதம் வரை பிரித்துக் கொடுக்க வேண்டிய 66,000 தீர்ந்துபோகிறது. ஒன்று முதல் பதினொன்று வரை சராசரி ஆறு. ஆக, 60,000 ரூபாய் ஆறு மாதத்தில் 6,000 சம்பாதிக்கிறது. ஆண்டுக்கு 20 சதவீதம். எந்த வங்கியும் தராத வட்டி. ஆனால் கையில் 66,000 இருந்தால்தான் அது கிடைக்கும்.

சுற்றுலா ஊரில் வாடகை உயர்வது எப்படி என்பதற்கு ஜேஜு தெளிவான பாடம். 2010-க்குப் பிறகு சியோல் போன்ற பெருநகரங்களின் நெரிசலை விட்டு அமைதி தேடிக் குடும்பங்கள் அங்கே போயின. 2014 முதல் 2017 வரை, வெளியேறியவர்களைக் கழித்தால்கூட, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் புதிதாகக் குடியேறினார்கள். 2011-இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி வளாகமும் பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பங்களை இழுத்தது. ஒரு மாதம் மட்டும் தங்கிப் பார்ப்பது என்பது ஒரு மோகமாகவே ஆனது. நிலத்தின் விலையும் வீட்டின் விலையும் ஏறின. ஒரு மாத விருந்தாளி தரும் தொகை கண்ணில் பட்ட பிறகு, ஆண்டுக் கணக்கில் குடியிருக்க வரும் உள்ளூர்க் குடும்பத்தின் வாடகை வீட்டுக்காரருக்குச் சிறிதாகத் தெரிவது இயல்பு. சம்பளம் மட்டும் சுற்றுலா வேலைக்குரிய சம்பளமாகவே இருந்தது. 2023-இல் தீவுக்கு வந்தவர்களைவிட வெளியேறியவர்கள் அதிகம்; பல ஆண்டுகளில் முதல்முறையாக.

இதைப் படித்தபோது எனக்கு 2019 நினைவுக்கு வந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதரைக் காண ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் நகராட்சியில் இருந்தவர்கள் 1.64 லட்சம் பேர். சின்ன காஞ்சிபுரத்தில் திண்ணையும் முன்னறையும் நாள் கணக்கில் வாடகைக்குப் போயின. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் பின்கட்டில் ஒண்டிக்கொண்டு கூடத்தை விட்டது. அந்த 48 நாளில் வந்த காசு அவர்களுக்கு உண்மையிலேயே உதவியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். திருவிழா முடிந்ததும் பெரும்பாலானவர்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எல்லாரும் அல்ல. அதற்கடுத்த கல்வியாண்டுகளில் ஒன்றில் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவனின் குடும்பம் கோயிலுக்கு அருகே நீண்டகாலம் வாடகைக்கு இருந்தது. அப்பா நெசவாளி. வீட்டுக்காரர் அந்த வீட்டை யாத்திரிகர்கள் தங்கும் அறைகளாக மாற்றப்போவதாகச் சொல்லி மூன்று மாத அவகாசம் கொடுத்தார். சட்டப்படியும் நியாயப்படியும் அவர் செய்தது தப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் நெசவாளிக்கு வீடு மாறுவது மற்றவர்களுக்குப் போல அல்ல. குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும். எனவே கீழ்த்தளம்தான் ஆகும், மாடி ஆகாது. மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும் என்பதால் கூரை உயரமாக இருக்க வேண்டும். தறியின் நீளத்துக்கு அறை வேண்டும். காலையில் பாவை நீட்டிப் பிணைக்கத் தெருவிலும் இடம் வேண்டும். குழி தோண்டச் சம்மதிக்கும் வீட்டுக்காரரும் வேண்டும். டைல்ஸ் போட்ட தரையைப் பெயர்க்க யார் சம்மதிப்பார்கள்? புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளில் வாடகை ஒத்து வந்தாலும் தறி ஒத்து வராது.

அவர்களுக்குக் கிடைத்தது நகருக்கு வெளியே ஒரு மாடிப் போர்ஷன். தறி விற்கப்பட்டது. அப்பா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கினார். வாடகைச் செலவு கணக்கில் அந்தக் குடும்பத்துக்கு முன்பைவிடக் குறைந்தது என்பதுதான் விசித்திரம். பையன் சில வாரம் பஸ்ஸில் வந்தான். பிறகு இடைவெளி விட்டு வந்தான். பிறகு வரவில்லை.

அந்தப் பையன் விஷயத்தில் நான் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டேன். கல்வியுரிமைச் சட்டம் 2009-இன் ஐந்தாவது பிரிவு, ஒரு குழந்தை வேறு பள்ளிக்கு மாறக் கேட்டால் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. அந்தச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் சொல்கிறது. பெற்றோருக்கு இது தெரியாது. "வருஷ நடுவுல யார் சேத்துப்பாங்க" என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் தை மாதத்திலும் ஆவணியிலும் வகுப்பில் "வீடு மாறப்போறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். மாறுவதற்கு முன்பே தெரிந்தால் புதிய இடத்துக்கு அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம். எமிஸ் பதிவும் இடையில் தொங்காது.

ஜேஜுவில் இதையே தலைகீழாகச் செய்த ஊர்கள் உண்டு. ஏவொல் வட்டாரத்தில் ஹகரி என்ற கிராமம். பிள்ளைகள் குறைந்துபோனதால் அவர்களுடைய பள்ளி 1996-இல் வேறொரு பள்ளியின் கிளையாக இறக்கப்பட்டது. மூடப்படும் நிலை. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வந்து தங்குவதற்காக ஊரார் குறைந்த வாடகையில் குடியிருப்பு ஏற்பாடு செய்தார்கள். 2012-இல் பள்ளிச் சுவர்களுக்கு வானவில்போல் வண்ணம் பூசப்பட்டு ஊரும் பிரபலமானது. குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் கூடினார்கள். 2018-இல் அது மீண்டும் முழுப் பள்ளியானது. வாடகை குறைந்தால் பள்ளி பிழைக்கும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப்பள்ளிகளில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகும் நண்பர்கள், அந்த வீடுகளில் வாடகை எப்படி மாறியிருக்கிறது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் திரும்பி வருமா?

நான்காவது நாள் கேள்வி இது. போக்கியப் பணத்தை வீட்டுக்காரர் பெட்டியில் வைத்திருப்பதில்லை, செலவழித்துவிடுகிறார். அடுத்த போக்கியக்காரர் கொடுப்பதை வாங்கித்தான் முந்தையவருக்குத் தருகிறார். அடுத்தவர் வராவிட்டாலோ குறைவாகக் கொடுத்தாலோ சங்கிலி அறுந்துவிடும். கொரியாவில் 2022, 2023-இல் வீட்டு விலை சரிந்தபோது இதுதான் நடந்தது. திட்டமிட்டு ஏமாற்றியவர்களும் சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்கள் வைப்புத் தொகையை இழந்து நின்றன. 2023-இல் அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே குடித்தனக்காரர் ஒப்பந்தத்தை அரசு அலுவலகத்தில் காட்டித் தேதி முத்திரை பெற்று, குடிவந்ததையும் பதிவு செய்தால், வீடு ஏலத்துக்குப் போனாலும் அவருக்குப் பின்னால் வந்த கடன்காரர்களுக்கு முன்பு அவர் பணத்துக்கு உரிமை உண்டு. தேதிதான் எல்லாம். அவருக்கு முன்பே வங்கி அடமானம் இருந்தால் வங்கிதான் முதலில்.

நம் ஊரில் பெரும்பாலான போக்கியம் ஒரு முத்திரைத்தாளில் இரண்டு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்யப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும். லட்சங்களைக் கொடுக்கிறவர்கள் பதிவுச் செலவுக்குத் தயங்குகிறார்கள். வீட்டின் மீது வங்கிக் கடன் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்க முடிகிறது. வகுப்பில் பள்ளியின் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எந்தெந்த விவரம் கேட்கிறது என்று மட்டும் காட்டினேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தே பழகிய நமக்கு இது செய்தியாகத்தான் இருக்கும். ஆசிரியர் ஓய்வறையில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இந்த விஷயத்தை வகுப்பில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொகைகளை நீங்களே கொடுங்கள், பிள்ளைகளின் வீட்டுத் தொகையைக் கேட்காதீர்கள். கேட்காமலேயே சிலது வந்து சேரும்.

ஐந்தாம் நாள் காலை, பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் அந்த மாணவி நோட்டை நீட்டினாள். எங்கள் கரும்பலகை வீட்டின் ஐந்து லட்சத்தை அவளாகவே இரண்டாகப் பிரித்திருந்தாள். பாதி சேமிப்பு: 2,50,000-க்கு 7 சதவீதம், 17,500. மறுபாதி நகைக்கடன்: 2,50,000-க்கு 12 சதவீதம், 30,000. கூட்டினால் 47,500. மாதத்துக்கு 3,958.

"எதுக்கு நகைக்கடன் போட்ட?" என்று கேட்டேன்.

"அம்மா வளையல வெச்சுத்தான் கொஞ்சம் குடுத்தாங்களாம் மிஸ். நேத்துதான் சொன்னாங்க. 6,000-க்குக் கம்மிதானே?"

"கம்மிதான்" என்றேன். அடுத்து அவள், வளையலை மீட்காமல் மூன்று ஆண்டு போனால் வட்டிக்கு வட்டி எப்படிப் போடுவது என்று கேட்டாள். கூட்டுவட்டிப் பாடத்தை அன்றே தொடங்கினோம்.